நழுவியது தோளா, நம் கணக்கா?

(நீண்ட பதிவு. எலும்பு மருத்துவம், இயன்முறை மருத்துவம், உயிரியக்கவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் முழுவதும் வாசித்துவிட்டு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.)

தோள்மூட்டு மாற்று அறுவை பற்றிய ஆய்வேடுகளிலும் கருத்தரங்கப் படவில்லைகளிலும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "நோயாளியின் ஒத்துழையாமையால் மூட்டு நழுவியது." ஒத்துழையாமை என்னும் சொல்லுக்கு இந்த நாட்டில் கண்ணியமான வரலாறு ஒன்று உண்டு. மருத்துவக் குறிப்பேட்டிலோ அது குற்றப்பத்திரிகையின் சொல்லாகிவிட்டது. எழுபது வயது மூதாட்டி ஒருவர் தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றினார், புதிய மூட்டு நழுவியது, பிழை அவருடையது. கோப்பு மூடப்படுகிறது.

இந்த வாக்கியம் பெரும்பாலும் அறிவியல் அன்று, பொறுப்பை இடம் மாற்றும் உத்தி என்பதே என் வாதம். மாற்றுத் தோள்மூட்டின் நிலையின்மையை நாம் எண்ணும் முறையே அதை மறைக்கிறது. எண்ணப்படாமல் எஞ்சியதை நோயாளியின் நடத்தை என்று பெயரிட்டு ஒதுக்குகிறோம். ஒரு தனி அறுவை மருத்துவரையோ மருத்துவமனையையோ குறிவைத்து இதை எழுதவில்லை. நான் சேர்ந்திருக்கும் ஆய்வுலகத்தை நோக்கியே எழுதுகிறேன்.

முதலில் உடற்கூற்றைப் பார்ப்போம். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கிறது. தோள் அப்படியன்று. தோள்பட்டை எலும்பிலுள்ள கிளெனாய்டு குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் பெரிய தலையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அது ஏந்துகிறது. கை எல்லாத் திசைகளிலும் சுழல்வதற்கு இயற்கை கொடுத்த விலை இது. எலும்பு தராத உறுதியை மென்திசுக்கள் தருகின்றன: மூட்டுறை, தசைநாண்கள், அவற்றுக்கு மேலாகச் சுழல்தசைகள் நான்கு. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் ஆகிய இந்நான்கும் எலும்புத் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. ஆகவே தோளின் நிலைத்தன்மை என்பது ஒரு பொருளின் பண்பு அன்று. பல விசைகள் கணந்தோறும் செய்துகொள்ளும் உடன்பாடு.

இயல்பான வடிவத்தையே பின்பற்றும் மாற்று மூட்டில் இந்த உடன்பாடு தொடர வேண்டும். சப்ஸ்கேபுலாரிஸ் தசையை அறுவையின்போது பிரித்து மீண்டும் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறாமல் விட்டுப்போனால் மூட்டு முன்புறமாக நழுவும். கிளெனாய்டு பின்னோக்கித் தேய்ந்து சாய்ந்திருந்து, அதைச் சரிசெய்யாமல் மூட்டைப் பொருத்தினால் பின்புறமாக நழுவும். சுழல்தசைகளே அழிந்துபோனவர்களுக்கு இந்த மூட்டு பயன்படாது.

அவர்களுக்காக வந்ததுதான் தலைகீழ் மூட்டு. பந்தும் கிண்ணமும் இடம் மாறும் வடிவம் அது: தோள்பட்டைப் பக்கம் பந்து, மேற்கைப் பக்கம் கிண்ணம். 1970களில் வந்த தொடக்க வடிவங்கள், நழுவாமலிருக்க இரு பாகங்களையும் இறுக்கமாகக் கோத்தன. விளைவாக முழு விசையும் தோள்பட்டை எலும்பின் மீது விழுந்தது. பொருத்திய இடம் தளர்ந்து பெயர்ந்தது. பிரான்ஸின் திஜோன் நகரைச் சேர்ந்த பால் கிராமோன் 1985இல் அந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார். சுழற்சி மையத்தை உட்புறமாகவும் கீழ்நோக்கியும் நகர்த்தினார். டெல்டாய்டு தசையின் நெம்புகோல் கை நீண்டது. சுழல்தசை இல்லாமலேயே கை உயர்ந்தது. அமெரிக்காவில் இதற்கு 2003இல் ஒப்புதல் கிடைத்தது. இன்று பல நாடுகளில் பொருத்தப்படும் மாற்றுத் தோள்களில் பெரும்பங்கு இதுவே. வலியால் உறங்காத பல்லாயிரம் பேருக்கு இது உறக்கம் தந்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வடிவத்தின் நிலைத்தன்மை எதில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். டெல்டாய்டு தசையின் இழுவிசை பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். இழுவிசை குறைந்தால் மூட்டு நழுவும். கூடினால் தோள்பட்டையின் அக்ரோமியன் முனையில் தளர்ச்சி முறிவு வரலாம், நரம்பு இழுபடலாம். எவ்வளவு இறுக்கம் போதும் என்பதை அறுவை மேடையில் மருத்துவரின் கை உணர்ந்து முடிவு செய்கிறது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இன்னும் இல்லை. மேற்கை எலும்பு குட்டையாகிப் போனவர்கள், முறிவுக்குப் பின் எலும்பு இழந்தவர்கள், ஆக்ஸிலரி நரம்பு பழுதுபட்டவர்கள், முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், உடல் பருமன் மிக்கவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

2009இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் நழுவிய ஏழு தோள்களும் சப்ஸ்கேபுலாரிஸைத் தைக்க முடியாமல் போனவையே. பிற்பாடு சுழற்சி மையத்தை வெளிப்புறமாக நகர்த்திய வடிவங்களில் அந்த வேறுபாடு தென்படவில்லை என்று வேறு ஆய்வுகள் வந்தன. அதாவது ஒரே தசை, ஒரே குறைபாடு. ஒரு வடிவத்தில் அது ஆபத்தாகிறது, மற்றொன்றில் ஆகவில்லை. நழுவல் என்பது வடிவமைப்பும் திசுவும் அறுவை நுட்பமும் வாழ்க்கை முறையும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேரத்தையும் பாருங்கள். நழுவல்களில் கணிசமானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கின்றன. 2014இல் வெளியான ஒரு தொகுப்பில் 388 தலைகீழ் மூட்டுகளில் 11 அந்தக் காலத்துக்குள்ளேயே நழுவின. விழவில்லை, மோதவில்லை, எதையும் தூக்கவில்லை என்று சொல்லும் நோயாளிகளிடமும் நழுவல் காணப்படுகிறது. சிலருக்கு அது வழக்கமான எக்ஸ்ரே பரிசோதனையில்தான் தெரியவருகிறது. எந்த அறிவுரையை மீறியதால் இவர்களுக்கு நழுவியது என்பதை ஒத்துழையாமைக் கோட்பாடு சொல்ல வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 2011இல் வெளிவந்த முறைசார் மதிப்பாய்வொன்று 782 தலைகீழ் மூட்டுகளைத் தொகுத்து, நிலையின்மையின் அளவு 4.7 விழுக்காடு என்றது. அந்த மதிப்பாய்வில் மிகுதியாகக் காணப்பட்ட சிக்கல் அதுவே. அண்மைக் காலப் பெருந்தொகுப்புகளில் இது 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் இவ்வெண்கள் மூன்று சல்லடைகளைக் கடந்து வருபவை என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை.

முதல் சல்லடை, மறு அறுவை. தேசியப் பதிவேடுகள் பெரும்பாலும் மறு அறுவையைத்தான் தோல்வியாகக் கொள்கின்றன. நார்வேயின் பதிவேடு 1994 முதல் தோளையும் சேர்த்துக்கொள்கிறது. பிரிட்டனின் பதிவேடு 2012 முதல். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் தலைகீழ் மூட்டை மீண்டும் திறப்பதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக நிலையின்மை நிற்கிறது. ஆனால் அவசரப் பிரிவில் மயக்கம் கொடுத்துக் கையால் இழுத்துச் சேர்த்துவிட்டால், அது மறு அறுவை அன்று, கணக்கில் ஏறாது. மூன்று முறை நழுவி மூன்று முறையும் சேர்க்கப்பட்ட தோள், பதிவேட்டின் பார்வையில் வெற்றிபெற்ற தோள். மறு அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லை என்று அப்படியே விடப்பட்ட தோளும் வெற்றிதான்.

இது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. டென்மார்க் ஆய்வாளர்கள் 31,105 இடுப்பு மூட்டு மாற்றுகளை எடுத்துக்கொண்டு, பதிவேட்டோடு நாட்டின் மருத்துவமனைப் பதிவுகளையும் இணைத்து, தவறான குறியீட்டின் கீழ் ஒளிந்திருந்த நழுவல்களையும் தேடினார்கள். 2021இல் வெளியான அவர்களின் முடிவின்படி ஈராண்டுக்குள் 3.5 விழுக்காடு நழுவியிருந்தது. சரியான குறியீடு இட்டவற்றை மட்டும் எண்ணியிருந்தால் இதில் ஒரு பகுதி விடுபட்டிருக்கும். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

இரண்டாம் சல்லடை, திரும்பி வராதவர்கள். நோயாளி மாவட்டத்திலிருந்து பெருநகரத்துக்கு வந்து அறுவை செய்துகொள்கிறார். நள்ளிரவில் தோள் நழுவினால் அருகிலுள்ள ஊரின் மருத்துவரிடமோ எலும்பு கட்டுபவரிடமோதான் போவார். நானூறு கிலோமீட்டர் தாண்டி வரமாட்டார். அறுவை செய்த மையத்தின் ஆய்வேட்டில் அவர் 'தொடர்பில் இல்லாதவர்'. தொகுதியிலிருந்து மட்டுமன்றிப் பகுதியிலிருந்தும் அவரை நீக்கிவிட்டு விழுக்காடு போடுகிறோம். நன்றாக இருப்பவர்தான் வராமலிருக்கிறார் என்ற அனுமானத்தை யார் நிறுவினார்கள்?

மூன்றாம் சல்லடைதான் எனக்கு மிகவும் கசப்பானது. நழுவல் ஒரு நிகழ்ச்சி; நிலையின்மை ஒரு நிலை. தோள் முழுவதும் நழுவாமலேயே, நழுவிவிடுமோ என்ற உணர்வோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும். கையை உடலோடு ஒட்டியே வைத்திருப்பார். மறு பக்கம் மட்டுமே படுப்பார். பேருந்தில் கம்பியைப் பிடிக்கமாட்டார். இதை அளக்கிறோமா?

உலகெங்கும் தோள் ஆய்வில் பயன்படும் அளவுகோல் அமெரிக்கத் தோள்-முழங்கை அறுவை மருத்துவர் சங்கத்தின் மதிப்பெண். 1994இல் வெளியான அந்தப் படிவம் நோயாளியிடம் நேராகவே கேட்கிறது: உங்கள் தோள் உறுதியற்றதாக, நழுவிவிடுவதுபோல் இருக்கிறதா? எவ்வளவு என்று பத்துக்குக் குறிக்கவும் சொல்கிறது. ஆனால் நூற்றுக்கான மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது வலிக்கு 50, பத்து அன்றாடச் செயல்களுக்கு 50. நிலையின்மைக்கு மதிப்பெண்ணே இல்லை. கேட்டோம், அவர் சொன்னார், விடையைக் கூட்டாமல் விட்டுவிட்டோம். 1987ஆம் ஆண்டின் கான்ஸ்டன்ட் மதிப்பெண்ணில் வலிக்கு 15, அன்றாடச் செயல்களுக்கு 20, அசைவுக்கு 40, வலிமைக்கு 25. அங்கே அந்தக் கேள்வியே கிடையாது. இவ்விரு அளவுகோல்களில் தோள் 'சிறந்தது' என்று மதிப்பெண் பெற்றால், அந்தத் தோளை அதன் உடைமையாளர் நம்புகிறார் என்று பொருளாகாது.

அந்தப் பத்துச் செயல்கள் எவை? கோட்டு அணிவது, பந்தை மேலிருந்து எறிவது, உயரமான அலமாரியை எட்டுவது, பத்துப் பவுண்டு எடையைத் தோளுக்கு மேல் தூக்குவது, வழக்கமான விளையாட்டில் ஈடுபடுவது என்று பட்டியல் போகிறது. முதுகு கழுவுவதும் கழிப்பறைச் செயல்களும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். தரையிலிருந்து எழுவது இல்லை.

தலைகீழ் மூட்டுக்கு ஆபத்தான நிலை எது என்று எந்த இயன்முறை மருத்துவரையும் கேளுங்கள். கை பின்னோக்கி நீண்டு, உடலோடு ஒட்டி, உட்புறமாகச் சுழன்ற நிலையில் பளு ஏறுவது என்பார். தரையில் அமர்ந்தவர் எழும்போது கையைப் பின்னால் ஊன்றும் நிலை ஏறத்தாழ அதுவே. இந்தியாவில் அது விதிவிலக்கான சாகசம் அன்று. தரையில் உண்பது, தரையில் உறங்குவது, தொழுகை, வழிபாடு, காய்கறி நறுக்குவது, குந்தி அமரும் கழிப்பறை என்று கோடிக்கணக்கானோர் நாளில் பலமுறை செய்யும் செயல் அது. ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டுவதும் நீர் கொண்டு கழுவிக்கொள்வதும் அந்த நிலைக்கு அருகில் செல்பவைதாம். நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் கட்டிலும் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதிய அறிவுரைத் தாளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, அது நடவாத வீட்டில் அது நடக்கவில்லை என்று வியக்கிறோம்.

"ஆறு வாரம் கையை ஊன்றாதீர்கள்" என்பது அறிவுரை. "எழுவதற்கு வேறு என்ன வழி?" என்பதற்கு விடை சொல்லாதவரை அது பாதி அறிவுரை. மறுகையை ஊன்றி எழப் பயிற்சி தரப்பட்டதா? மறுதோளும் தேய்ந்திருந்தால் என்ன ஏற்பாடு? முழங்கால் வலியால் கையை நம்பியே எழுபவரா என்று அறுவைக்கு முன் கேட்கப்பட்டதா? வீட்டில் கட்டில் உண்டா? இவற்றைப் பதிவு செய்யாத ஆய்வேட்டுக்கு 'ஒத்துழையாமை' என்று எழுதும் தகுதி இல்லை.

அளவும் ஒரு கேள்வி. இந்தியர்களின் கிளெனாய்டு குழி மேலைநாட்டுத் தரவுகளில் உள்ளதைவிடச் சராசரியாகச் சிறியது என்று இங்கு நடந்த எலும்பளவை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பொருத்தப்படும் பாகங்களில் பெரும்பாலானவை மேலை உடல்களின் அளவுகளைக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இந்தப் பொருத்தமின்மை நழுவலைக் கூட்டுகிறதா, இல்லையா? விடை நம் தரவிலிருந்துதான் வர வேண்டும். தரவு எங்கே?

இந்தியாவில் எல்லா மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தும் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு இல்லை. தொழில்முறைச் சங்கம் நடத்தும் பதிவேடு விருப்பத்தின் பேரில் இயங்குவது. அதுவும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் உரியது. இதன் விலை என்ன என்பதை நாம் ஏற்கெனவே ஒருமுறை கண்டோம். டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் கோளாறு இருப்பதைப் பதிவேட்டுத் தரவு காட்டியது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரில் அதன் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகளவில் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. நடுவண் அரசு இதை ஆராய வல்லுநர் குழு அமைத்தது 2017இல். அவர்களில் ஏறத்தாழ 3,600 பேர் எங்கிருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை. உடலுக்குள் உலோகத்தை வைத்துத் தைத்த பின் உடலையே தொலைத்துவிட்ட நாடு இது. மருத்துவக் கருவிகளின் தீவிளைவுகளைப் பதிய 2015இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. நம் துறையின் முதுநிலை மாணவர்களில் எத்தனை பேர் ஒரு தோள் நழுவலையாவது அதில் பதிந்திருக்கிறீர்கள்?

எதிர்வாதங்களை அறிவேன். "இரண்டு விழுக்காடுதானே?" என்பது முதலாவது. மறுமாற்று அறுவைகளிலும் முறிவுக்குப் பிந்தைய அறுவைகளிலும் விகிதம் இதைவிடத் தெளிவாகவே உயர்கிறது. மேலும், நழுவிய தோளைக் கையால் இழுத்துச் சேர்ப்பது பலருக்கு நிலையான தீர்வாவதில்லை. மீண்டும் திறக்க நேர்கிறது. சிறிய எண் என்பது சிறிய துன்பம் என்று பொருள்படாது.

"நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?" என்பது இரண்டாவது. உண்டு. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்றாம் நாள் மூட்டை தூக்குபவரும் இருக்கிறார். அவரைப் பற்றி அப்படியே எழுதுங்கள்: எந்த நாள், எந்தச் செயல், எந்த அறிவுரை, எந்த மொழியில் தரப்பட்டது என்று எழுதுங்கள். 'ஒத்துழையாமை' என்ற ஒற்றைச் சொல்லால் அந்த நான்கையும் மூடாதீர்கள்.

"இப்படி எழுதினால் நோயாளிகள் அஞ்சி நல்ல சிகிச்சையைத் தவிர்ப்பார்கள்" என்பது மூன்றாவது. இதை நான் அடியோடு மறுக்கிறேன். அறுவைக்கு முன் உண்மையைக் கேட்டவர் அஞ்சலாம், ஆனால் ஆயத்தமாவார். அறுவைக்குப் பின் நழுவலைச் சந்தித்து, அது தன் குற்றமென்றும் கேட்டவர், அடுத்த முறை நழுவும்போது மருத்துவரிடம் வரவே மாட்டார். நம் தரவில் அவர் 'தொடர்பில் இல்லாதவர்' ஆவார். வட்டம் முழுமை பெறும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஐந்து கோரிக்கைகள்:

1. மறு அறுவை, கையால் சேர்த்த நழுவல், பகுதி நழுவல், நோயாளி உணரும் நிலையின்மை ஆகிய நான்கையும் தனித்தனியே எண்ணுங்கள். ஒன்றில் மற்றொன்றைக் கரைக்காதீர்கள்.

2. தொடர்பில் இல்லாதவர்களைப் பகுதியிலிருந்து நீக்காதீர்கள். அவர்களில் அனைவரும் நழுவியிருந்தால் விழுக்காடு என்னவாகும் என்ற கணக்கையும் அருகிலேயே அச்சிடுங்கள். அதற்கு ஒரு வரி போதும்.

3. படிவத்திலுள்ள நிலையின்மைக் கேள்வியின் விடையை மதிப்பெண்ணுக்கு வெளியே தனியாக வெளியிடுங்கள். அந்தத் தாள்கள் உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன.

4. தரைவாழ்க்கைக்கான வினாக்களை இந்திய மொழிகளில் உருவாக்கிச் சரிபாருங்கள். கோட்டு அணிவதை மொழிபெயர்ப்பது பண்பாட்டுத் தகவமைப்பு ஆகாது.

5. 'ஒத்துழையாமை' என்ற சொல் வரும் ஆய்வேட்டை, என்ன அறிவுரை, எப்போது, எவ்வாறு, யாரால் தரப்பட்டது என்ற விவரம் இன்றி வாய்மொழித் தேர்வில் ஏற்காதீர்கள்.

இவற்றுள் எதற்கும் புதிய கருவியோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. வேண்டுவது, சங்கடம் தரும் எண்ணை அச்சிடும் துணிவு மட்டுமே.

கிராமோனுக்கு முன்னிருந்தவர்கள், மூட்டின் இரு பாகங்களையும் இறுகப் பூட்டினால் நழுவாது என்று நம்பினார்கள். பளு வேறிடத்துக்குப் போய் எலும்பைப் பெயர்த்தது. நாமும் இன்று விழுக்காட்டை இறுகப் பூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பளு நோயாளியின் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மறுப்போர் மறுக்கலாம். உங்கள் மையத்தில் கையால் சேர்த்த நழுவல்களின் எண்ணிக்கையையும் தொடர்பில் இல்லாதவர்களின் எண்ணிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள். அவ்விரண்டு எண்களோடு வரும் எந்த மறுப்பையும் இங்கே நன்றியோடு விவாதிப்பேன்.